ஒரு புத்தகக் கடையும் எங்கள் கையெழுத்துப் பத்திரிகையும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியப் பெருமக்களே, சீனியர் அண்ணன்மார்களே, அக்காமார்களே, என் வகுப்புத் தோழர்களே, பின்வரிசையில் உட்கார்ந்து சாப்பாடு எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே!

"தம்பி, நீ லண்டன்ல இருந்துட்டு வந்தவன். பசங்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்பு பத்திப் பேசிடு" என்று சொல்லித்தான் செயலாளர் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த ஹாலிலேயே இருபது பேராவது இருப்பார்கள். நான் ஒரு புத்தகக் கடையைப் பற்றிப் பேசப் போகிறேன். அண்ணன் மன்னிக்க வேண்டும்.

2018இல் எங்கள் கம்பெனி என்னைப் பதினோரு மாதம் லண்டனுக்கு அனுப்பியது. பெரிய கட்டடங்களுக்குக் குளிர்சாதன டக்ட் டிசைன் செய்கிற வேலை. வடக்கு லண்டனில் ஃபின்ஸ்பரி பார்க் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ரூம். ரூம் என்றால், நம் விடுதி அறையில் பாதி. ஒரு சனிக்கிழமை, மழைக்கு ஒதுங்க இடம் தேடினபோது ஸ்ட்ரவுட் கிரீன் ரோட்டில் 76ஆம் எண் கடைக்குள் நுழைந்தேன். நியூ பீக்கன் புக்ஸ் என்று பெயர். அலமாரி அலமாரியாக ஆப்பிரிக்கா, கரீபியன் தீவுகள், அமெரிக்கக் கறுப்பின மக்கள் பற்றிய புத்தகங்கள். மழை நின்ற பிறகும் நான் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு பதினோரு மாதமும் சனிக்கிழமை என்றால் அந்தக் கடைதான்.

ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால், முதலில் 2010ஆம் வருஷத்துக்குப் போக வேண்டும்.

நாங்கள் 2007இலிருந்து 2011 வரை இங்கே படித்தவர்கள். மூன்றாம் வருஷம் விடுதியில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்கினோம். கையால் எழுதி, படம் வரைந்து, கேட்டுக்கு வெளியே இருக்கிற ஜெராக்ஸ் கடையில் நாற்பது பிரதி எடுத்தோம். பெயரைச் சொன்னால் சிரிப்பீர்கள், விட்டுவிடுகிறேன். நான்தான் ஆசிரியர். எப்படி ஆசிரியர் ஆனேன் என்றால், சிவப்பு மை பேனா என்னிடம்தான் இருந்தது.

எங்களில் ஒருவன் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். அவன் அம்மா வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிற வேலை செய்தவர். அந்த அம்மாவே பேசுவது மாதிரி நாலு பக்கம் எழுதிக் கொடுத்தான். நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து "திருத்தினேன்". 'சொல்லுதாக' என்றிருந்ததை 'சொல்கிறார்கள்' ஆக்கினேன். 'வந்துருக்காக' எல்லாம் 'வந்திருக்கிறார்கள்' ஆயிற்று. நல்ல தமிழில் இருக்க வேண்டும் என்கிற ஆசைதான், வேறு கெட்ட எண்ணம் கிடையாது. காலையில் வாங்கிப் படித்தவன் ஒன்றே ஒன்று சொன்னான். "இது எங்கம்மா பேசலையேப்பா. உங்கம்மா பேசறாங்க."

கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். பத்திரிகை அவன் பக்கங்கள் இல்லாமல் ஓர் இதழ் வந்தது. இரண்டாவது இதழ் வரவேயில்லை. அவன் அப்புறம் எதுவும் எழுதவுமில்லை.

இப்போது கடைக்கு வருவோம்.

நியூ பீக்கனைத் தொடங்கியவர் ஜான் லா ரோஸ். டிரினிடாட் தீவுக்காரர், தொழிற்சங்கவாதி, கவிஞர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போய்க் கரும்புத் தோட்டங்களில் இறக்கப்பட்டவர்களின் சந்ததி வாழும் தீவு அது. (அந்தப் பக்கத்துக் கரும்புக் காட்டுக்கு நம் மதராஸ் துறைமுகத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். அது தனிக் கதை.) 1961இல் இங்கிலாந்து வந்த லா ரோஸ், 1966இல் தன் துணைவி சாரா வைட்டுடன் சேர்ந்து பதிப்பகம் ஆரம்பித்தார். முதலில் கடை கிடையாது, வீடுதான் ஆபீஸ். கூட்டங்களுக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் விற்றார்கள். ஸ்ட்ரவுட் கிரீன் ரோட்டுக் கடை 1973இல்தான் வந்தது.

அதே 1966 டிசம்பரில் லா ரோஸ், பார்படாஸ் கவிஞர் கமாவ் பிராத்வைட், நாவலாசிரியர் ஆண்ட்ரூ சால்கி மூன்று பேரும் கரீபியன் கலைஞர்கள் இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பிராத்வைட்டின் வீட்டில்தான் முதல் கூட்டம். ஓவியர் ஆப்ரி வில்லியம்ஸ், சிற்பி ரோனால்ட் மூடி, துணிக்கு டிசைன் போடுகிற ஆல்தியா மெக்நிஷ், கவிஞர்கள், விமர்சகர்கள் எல்லோரும் ஒரே அறையில். அடுத்த வருஷத்திலிருந்து மாணவர் மையத்தில் பொதுக்கூட்டம். ஓவியன் படம் காட்டுவான், கவிஞன் கேள்வி கேட்பான், சபையில் இருக்கிற பஸ் கண்டக்டரும் கேட்பார். சுமார் ஆறு வருஷம் நடந்தது. நம் ஊரில் மெக்கானிக்கல்காரனும் சிவில்காரனும் ஒரே டேபிளில் சாப்பிடவே மாட்டார்கள், அதை நினைத்துக்கொண்டேன்.

நியூ பீக்கன் 1969இல் செய்த ஒரு காரியத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன், அப்படியே நின்றுவிட்டேன். நூறு வருஷத்துக்கு முன்னால், 1869இல், டிரினிடாட்டில் ஜான் ஜேக்கப் தாமஸ் என்ற கறுப்பினப் பள்ளி ஆசிரியர் கிரியோல் பேச்சுக்கு இலக்கணம் எழுதியிருக்கிறார். கிரியோல் என்பது தோட்ட ஜனங்களின் பேச்சு. "உடைஞ்ச பாஷை, இதுக்கு ஏது இலக்கணம்" என்று படித்தவர்கள் சிரித்த காலம். அவர் வினைச்சொல் இப்படி, பன்மை இப்படி என்று முறையாக எழுதி வைத்துவிட்டார். அது அச்சில் இல்லாமல் மறந்து போயிருந்தது. கையில் காசே இல்லாத ஒரு பதிப்பகம் மூன்றே வருஷத்தில் அதைத் தேடி எடுத்து மறுபதிப்புப் போடுகிறது. எது விற்கும் என்று பார்த்துச் செய்த வேலையா அது? நம் பேச்சு பேச்சுதான் என்பதற்கு நமக்கு முன்னாலேயே ஒருவர் சாட்சி சொல்லியிருக்கிறார், அந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்று என்பதுதான் கணக்கு.

எனக்கு அங்கே கோவில்பட்டிக்காரன் முகம் வந்தது.

லண்டனின் இன்னொரு மூலையில், ஈலிங்கில், ஜெசிகா ஹன்ட்லி, எரிக் ஹன்ட்லி என்று ஒரு தம்பதி. கயானாக்காரர்கள். அவர்கள் பதிப்பகம் தொடங்கிய காரணம் வேறு. வால்டர் ராட்னி என்ற கயானா வரலாற்றாசிரியர் ஜமைக்காவில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தார். வகுப்பு முடிந்ததும் கிங்ஸ்டன் நகரத்துச் சேரிகளுக்குப் போய், ஜனங்களோடு தரையில் உட்கார்ந்து ஆப்பிரிக்க வரலாறு பேசுவார். 1968 அக்டோபரில் கனடாவில் ஒரு மாநாட்டுக்குப் போய்த் திரும்பியவரை ஜமைக்கா அரசாங்கம் ஊருக்குள் விடவில்லை. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். கலவரமே ஆயிற்று. அந்தப் பேச்சுகளை அச்சில் கொண்டுவர ஹன்ட்லி தம்பதி நண்பர்களிடம் பணம் திரட்டி 1969இல் 'தி கிரவுண்டிங்ஸ் வித் மை பிரதர்ஸ்' என்ற புத்தகம் போட்டார்கள். பதிப்பகத்துக்குப் பெயர் போகிள் லூவர்ச்சர். ஜமைக்காவில் கிளர்ச்சி செய்த பால் போகிள், ஹெய்ட்டியில் அடிமைகளின் புரட்சியை நடத்திய டூசான் லூவர்ச்சர், இரண்டு பேரையும் சேர்த்து வைத்த பெயர். வரவேற்பறைதான் ஆபீஸ், குடோன் எல்லாம். வாழ்த்து அட்டையும் போஸ்டரும் அச்சடித்து விற்றுப் புத்தகச் செலவைச் சமாளித்தார்கள். சட்டம் படிக்க ஜமைக்காவிலிருந்து வந்து ஓவியராகிவிட்ட எரல் லாயிட், இந்த இரண்டு பதிப்பகங்களுக்கும் அட்டைப்படம் வரைந்தவர். ராட்னியின் புகழ்பெற்ற அடுத்த புத்தகம், ஐரோப்பா ஆப்பிரிக்காவை எப்படிப் பின்தங்க வைத்தது என்று சொல்வது, 1972இல் வந்தது. அதை இவர்களும் தான்சானியாவில் ஒரு பதிப்பகமும் சேர்ந்து போட்டார்கள். கண்டம் விட்டுக் கண்டம் கூட்டு வேலை, அதுவும் தபாலில்.

லிண்டன் க்வெசி ஜான்சனின் 'டிரெட் பீட் அண்ட் பிளட்' கவிதைத் தொகுப்பையும் 1975இல் இவர்களே போட்டார்கள். ஜமைக்காவில் பிறந்து பதினோரு வயதில் லண்டன் வந்த பையன் அவர். தெருவில் எப்படிப் பேசினார்களோ அப்படியே, காதில் விழுந்த ஒலிக்கு ஏற்ப ஸ்பெல்லிங் போட்டு எழுதினார். இங்கிலீஷ் வாத்தியார் பார்த்தால் பக்கம் முழுக்கச் சிவப்பு மையாகிவிடும். ஹன்ட்லி தம்பதி ஒரு எழுத்தையும் தொடவில்லை. 2002இல் பெங்குவின் கம்பெனி தன் நவீன கிளாசிக்ஸ் வரிசையில் அவர் கவிதைகளைப் போட்டது. அந்த வரிசையில் இடம்பெற்ற முதல் கறுப்பினக் கவிஞர் அவர்தான். ஸ்பெல்லிங்கை அவர்களும் மாற்றவில்லை.

பிராத்வைட் இன்னும் ஒரு படி மேலே போனார். இந்தப் பேச்சு மொழியைக் கிளைமொழி என்று சொல்லாதீர்கள், அந்தச் சொல்லிலேயே ஒரு தாழ்வு இருக்கிறது, இதற்குத் 'தேச மொழி' என்று பெயர் என்றார். அந்த உரையை 1984இல் சிறு நூலாகப் போட்டதும் நியூ பீக்கன்தான். அப்புறம் அவர் வாழ்க்கையில் அடி மேல் அடி. 1986இல் மனைவி இறந்தார். 1988இல் ஜமைக்காவைத் தாக்கிய கில்பர்ட் புயலில் வீடும், வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த காகிதங்களும் நாசமாயின. அதற்குப் பிந்திய வருஷங்களில் அவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, தன் கவிதைப் பக்கங்களைத் தானே அமைத்தார். ஒரு சொல் பெரிய எழுத்தில், அடுத்தது குட்டி எழுத்தில், சில இடத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிற பழைய பிரின்டர் எழுத்து. பேசும்போது குரல் எங்கே ஏறுகிறது, எங்கே உடைகிறது என்பதைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும் என்பது அவர் நோக்கம். இதற்கு 'சைக்கோராக்ஸ் வீடியோ ஸ்டைல்' என்று பெயர் வைத்தார். சைக்கோராக்ஸ் என்பவள் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வருகிற காலிபனின் அம்மா. நாடகத்தில் அவளைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்களே தவிர, அவள் ஒரு தடவைகூட மேடைக்கு வந்து பேசுவதில்லை. அந்த அம்மாவின் பெயரைக் கொண்டுவந்து எழுத்துருவுக்கு வைத்தார் மனிதர்.

எனக்கு அந்தப் பக்கங்கள் முதலில் பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டிராயிங் ஷீட்டில் மார்ஜின் கோடு போட்டுப் பழகின கண். பத்துப் பக்கம் வாய்விட்டுப் படித்த பிறகுதான் எதற்கு அப்படி என்று புரிந்தது.

இந்த லண்டன்காரர்களுக்கு எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1970களின் கடைசியில் இனவெறிக் கும்பல்கள் கறுப்பினப் புத்தகக் கடைகளைத் தாக்கின. கடைக்காரர்கள் சேர்ந்து போராடினார்கள். அந்தச் சேர்க்கையில் பழகினவர்கள்தான் 1982இல் இஸ்லிங்டனில் ஒரு சர்வதேசப் புத்தகக் கண்காட்சி தொடங்கினார்கள். நியூ பீக்கன், போகிள் லூவர்ச்சர், ரேஸ் டுடே என்ற பத்திரிகைக் குழு மூன்றும் சேர்ந்து நடத்தியது. ரேஸ் டுடே முதலில் இனஉறவு ஆய்வு நிறுவனம் ஒன்றிலிருந்து வந்துகொண்டிருந்த பத்திரிகை. அந்த நிறுவனத்தின் நூலகராக இருந்து, மேலிடத்தை எதிர்த்து அதன் போக்கையே 1972இல் மாற்றியவர்களில் முக்கியமானவர் ஒரு யாழ்ப்பாணத் தமிழர், அம்பலவாணர் சிவானந்தன். 1958 கலவரத்துக்குப் பின் இலங்கையை விட்டு லண்டன் போனவர். அங்கே அப்போது 'கறுப்பர்' என்ற சொல் தோல் நிறத்தை மட்டும் குறிக்கவில்லை. நம்மவர்களும் அதற்குள் இருந்தார்கள். இந்தத் தகவல் கிடைத்த நாள் நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன் என்பதை மறைப்பானேன்.

அமெரிக்கா பக்கமும் ஒரு நூலகர் உண்டு. டெட்ராய்ட்டில் டட்லி ராண்டல். இளமையில் ஃபோர்டு கம்பெனி ஃபவுண்டரியில் வேலை செய்தவர். ஃபவுண்டரி லேப் ஞாபகம் இருக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்! 1963இல் பர்மிங்ஹாம் நகரத்தில் தேவாலயத்தில் குண்டு வைத்து நாலு சிறுமிகளைக் கொன்றார்கள். ராண்டல் அதைப் பற்றிப் பாட்டு எழுதினார். ஒரு பாடகர் அதற்கு மெட்டுப் போட்டார். உரிமை கைவிட்டுப் போகாமலிருக்க அச்சிட வேண்டும், புத்தகம் போடப் பணமில்லை. 1965இல் சம்பளத்திலிருந்து 12 டாலர் எடுத்து ஒற்றைத் தாளாக, நம் ஊர் நோட்டீஸ் மாதிரி, அச்சடித்தார். பிராட்சைட் பிரஸ் அப்படிப் பிறந்தது. புலிட்சர் பரிசு வாங்கிய க்வெண்டலின் புரூக்ஸ் அம்மையார் தன் பெரிய பதிப்பகத்தை விட்டுவிட்டு 1969இல் இவரிடம் புத்தகம் கொடுத்தார். பார்சல் கட்டினது, ஸ்டாம்பு ஒட்டினது எல்லாம் ராண்டல்தான். அவர் கடனில் சிக்கி 1977இல் பதிப்பகம் வேறு கைக்குப் போனது. அதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கதை இனிப்பாகிவிடும்.

இனிப்பில்லாத இன்னொன்று. 1967 ஆகஸ்டில் சிகாகோவின் தெற்குப் பகுதியில், 43ஆவது தெருவும் லாங்லி அவென்யூவும் சந்திக்கிற மூலையில், ஒரு பாழடைந்த கட்டடத்துச் சுவரில் பத்துப் பதினைந்து ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். முகமது அலி, மால்கம் எக்ஸ், ஜான் கோல்ட்ரேன் என்று தங்கள் ஜனம் மதிக்கிறவர்களின் முகங்கள். அதனால் பெயர் 'மரியாதைச் சுவர்'. கவிஞர்கள் அதன் முன்னால் நின்று வாசித்தார்கள். ஏரியா ஜனங்கள் காவல் இருந்தார்கள். நாடெங்கும் நூற்றுக்கணக்கான சுவரோவியங்களுக்கு அது வழிகாட்டியாயிற்று. ஆனால் சில மாதத்துக்குள், ஓர் ஓவியர் வரைந்த பகுதியை அவரைக் கேட்காமலே வெள்ளையடித்து வேறு ஆளை வைத்து வரைந்தார்கள். சுவர் எல்லோருக்கும் சொந்தம், மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. நான் வரைந்ததை என்னைக் கேட்காமல் எப்படி அழிக்கலாம் என்பது இன்னொரு கட்சி. குழு உடைந்தது. 1971இல் கட்டடம் தீப்பிடித்து, பிறகு இடிக்கப்பட்டது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று இரண்டு புத்தகம் படித்தும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை. நான் செய்தது எந்த வகை என்பது மட்டும் தெரிந்தது. பிரஷ்ஷுக்குப் பதில் சிவப்புப் பேனா, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியாக ஒன்று, இது நம் காலத்துச் சமாச்சாரம். கேமரூனில் பிறந்து, லாகோஸில் படித்து, தென்னாப்பிரிக்காவுக்கு வந்து குடியேறிய நிடோன் எட்ஜாபே என்பவர் 2002இல் கேப்டவுனில் சிமுரெங்கா என்ற இதழைத் தொடங்கினார். ஷோனா மொழியில் போராட்டம் என்று பொருள். 2008 மே மாதம் தென்னாப்பிரிக்காவில் அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்து வந்த ஆப்பிரிக்கர்களையே அடித்து விரட்டினார்கள். 62 பேர் செத்தார்கள். எட்ஜாபேயும் வந்தேறிதானே! 2011இல் அவர்கள் ஒரு செய்தித்தாள் போட்டார்கள். அதில் தேதி 2008 மே 18 முதல் 24 வரை. அந்த வாரத்தில் வந்திருக்க வேண்டிய, ஆனால் யாரும் போடாத செய்தித்தாளை மூன்று வருஷம் கழித்துப் போட்டார்கள். கென்யாவிலிருந்து ஒரு பதிப்பகமும் நைஜீரியாவிலிருந்து ஒன்றும் கூட்டு. பக்கம் பக்கமாகப் பல நாட்டு எழுத்தாளர்கள், ஓவியர்கள். நடந்து முடிந்த ஒரு வாரத்துக்குத் திரும்பிப் போய்ப் பேப்பர் போடலாம் என்று எனக்குத் தோன்றியிருக்கவே செய்யாது.

அதைப் படித்த ராத்திரிதான் ஃபின்ஸ்பரி பார்க் அறையிலிருந்து கோவில்பட்டிக்காரனுக்குப் போன் போட்டேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு. இப்போது அவன் காற்றாலை கம்பெனியில் சைட் இன்ஜினியர். குசலம் எல்லாம் விசாரித்துவிட்டு, "அந்த நாலு பக்கம் வச்சிருக்கியாடா, அப்படியே போடணும்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அன்னைக்கே கிழிச்சுட்டேன்டா. அம்மாவும் இப்ப இல்ல" என்றான். அவனுக்குக் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இன்றைக்கும் கூப்பிட்டேன். டவரில் வேலை, வர முடியாது என்றான்.

இதை ஏன் இந்த மேடையில் சொல்கிறேன் என்றால், இந்த வருஷம் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் சிலர் பத்திரிகை ஒன்று கொண்டுவரச் சங்கத்திடம் உதவி கேட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். சங்கம் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டது. மொழியும் தரமும் கெடாமல் பார்த்துக்கொள்ள முன்னாள் மாணவர் ஐந்து பேர் கொண்ட திருத்தக் குழு ஒன்றும் போட்டிருக்கிறது. அதில் என் பெயரும் இருக்கிறது. தலைவர் என்னை மன்னிக்க வேண்டும், அந்தக் குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன். மற்ற நாலு பேரும் யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எழுத்துப் பிழை பார்க்க ஆள் வேண்டுமென்றால் மாணவர்களே கேட்பார்கள். கேட்டால் உட்கார்ந்து பார்த்துக் கொடுப்போம். 'சொல்லுதாக' பிழை கிடையாது.

மாணவர்களுக்கு ஒரு தகவல். கேட்டுக்கு வெளியே அதே ஜெராக்ஸ் கடை இன்னும் இருக்கிறது. அப்பா போய் மகன் உட்கார்ந்திருக்கிறான். இருநூறு பிரதிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். எத்தனை பக்கம், என்ன பெயர் என்று நான் கேட்கப் போவதில்லை. ஒரு பிரதி மட்டும் கோவில்பட்டி விலாசத்துக்குத் தபாலில் போட வேண்டும். விலாசத்தைச் செயலாளர் அண்ணனிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சாப்பாடு தயார் என்று வாசலிலிருந்து கை காட்டுகிறார்கள்.